மடக்குக் கத்திக்குச் சந்தனம்

பித்தளைத் தாம்பாளத்தில் எட்டு மடக்குக் கத்திகள் நின்றுகொண்டிருந்தன. கிடக்கவில்லை, நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பாதி திறந்த நிலையில், அலகை ஒரு காலாகவும் பிடியை மறு காலாகவும் ஊன்றி, எட்டுக் குட்டிக் கூடாரங்களைப் போல. ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலும் கட்டைவிரல் பருமனுக்குச் சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆயுத பூஜை மாலை அது. இடம், சிங்காநல்லூரில் என் சித்தப்பா தாமோதரனின் லேத் பட்டறை. கத்திகளுக்கு வலப்புறம் டிரில்லிங் மெஷின், இடப்புறம் அளவு வாரியாக அடுக்கிய ஸ்பேனர்கள், பின்னால் மாலை சூடிய லேத். ஊதுபத்திப் புகையும் இயந்திர எண்ணெயின் நெடியும் கலந்து ஒரே வாசமாகியிருந்தன. வாசலில் சாம்பல் பூசணிக்காய் உடைந்து சிதறிக் கிடந்தது.

"சித்தப்பா, இது நாளைக்கு முகாமுக்குப் போற கத்தியாச்சுங்களே!" என்றேன்.

"அதுக்குத்தான் வெச்சிருக்கறேன் கண்ணு. புள்ளைக கையில போற ஆயுதம். சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அனுப்போணுமில்ல?"

அந்தக் கத்திகளை ஊரிலேயே அதிகம் வெறுத்தவர் அவர். அவர் கையாலேயே அவற்றுக்குப் பொட்டு வைத்திருந்தார். அதைக் கண்டு நான் நெகிழ்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். என் வெற்றியின் கடைசிக் கைதட்டலாகவே அதை எடுத்துக்கொண்டு, பொரியும் கடலையும் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் பிற்பகல் அந்தச் சந்தனத்தின் வாசம் என் நகத்தடியில் எழுந்தபோது, அது கைதட்டல் அன்று என்று புரிந்தது.

ஒரே ஒரு சொட்டு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பெருமை பழகிப்போயிருக்கும். பேச்சுப் போட்டி மேடையில் நான் தோற்றது குறைவு. தோற்ற இடங்களிலும் நடுவர்கள்தாம் தோற்றார்கள் என்பது இன்றும் என் கட்சி. எங்கள் தெருப் பிள்ளைகளைப் பூஜை விடுமுறையில் இரண்டு நாள் முகாமுக்கு அழைத்துப்போவது என்று முடிவானபோது, பொறுப்பு என்னிடம் வந்ததற்கும் அந்தப் பெயரே காரணம். கல்லூரி முகாம்கள் சிலவற்றில் கூடாரம் அடித்துப் பழகியவள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பேசத் தெரிந்தவளுக்கு நடத்தவும் தெரியும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

இடம், ஆனைமலை அடிவாரத்தில் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பு. பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தி சித்தப்பாவின் மகள் கயல். பன்னிரண்டு வயது. பெற்றோர் இல்லாமல் ஓர் இரவைக்கூட வெளியில் கழித்ததில்லை. தன் பையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, அந்தப் பையோடு வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடந்துகொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு சிறு மடக்குக் கத்தி வேண்டும் என்று நான் சொன்னதும் பிரச்சினை எழுந்தது. பட்டறையிலேயே பெற்றோர் கூட்டம் போட்டோம். பிள்ளைகள் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவையோரே!" என்று தொடங்கினேன்.

"அவையோர்ல பாதி டீ குடிக்கப் போயிட்டாங்க அம்மணி. சுருக்கமாச் சொல்லு," என்றார் சித்தப்பா.

சுருக்கமாகச் சொல்வது என் வழக்கமன்று. கூர்மையை ஒளித்துவைத்துப் பிள்ளையைக் காப்பது, தண்ணீரைக் காட்டாமல் நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும் என்றேன். கயிறு அறுக்கவும், முளை சீவவும், பழம் நறுக்கவும் ஒரு பிள்ளை அடுத்தவர் கையை எதிர்பார்த்து நின்றால், அது முகாம் அன்று, விருந்து என்றேன். சமையல்கட்டில் அரிவாள்மணைக்கு அருகே தவழவிட்டு வளர்த்தவர்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் கத்திக்கு நடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டு நிறுத்தினேன். நிறுத்த வேண்டிய இடம் அதுவே. கைதட்டல் எழுந்தது.

சித்தப்பா தட்டவில்லை.

"பேச்சு நல்லாத்தான் இருக்குது கண்ணு. நா பட்டறைக்காரன். வெரலத் துணியில சுத்திக்கிட்டு ஆளுகள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கறேன். உன்ற பேச்சு அந்த வெரல ஒட்டவெக்குமா?"

அவர் எழுந்து நின்றார்.

"செரி. கத்தி வாங்கிக்குங்க. ஆனா ஒரு கண்டிசன். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு ரத்தத்த நா பாத்தனா, அந்த நிமிசமே கயல வண்டியில ஏத்திப்போட்டு ஊட்டுக்கு வந்துருவேன். மிச்சக் கத்தியையும் மூட்டை கட்டிப்போடோணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். மேடையில் அறைகூவலை ஏற்கும் அதே குரலில், வலக்கையை உயர்த்தி. இம்முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. முன்வரிசையில் கயலும் தட்டினாள்.

முதல் கத்தி எப்படி இருக்க வேண்டும்

கடைக்குக் கயலையும் உடன் அழைத்துச் சென்றேன். கத்தி அவள் கைக்குத்தானே? டவுன்ஹால் பக்கத்தில் பூட்டு, சங்கிலி, டார்ச், குடை என்று கலந்து விற்கும் கடை. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது சிவப்பு நிறத்தில் கொழுத்த ஒன்று.

"இதுல எல்லாமே இருக்குதுங்க அம்மணி. கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், ஸ்பூன். காது கொடையற குச்சிகூட இருக்குதுங்க."

"காது கொடையறதுக்கு மலைக்குப் போகோணுமாங்க?" என்றாள் கயல்.

ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்துப் பார்த்தோம். எல்லாமே ஆடின. இத்தனையையும் இந்த விலைக்குள் அடைத்தவர், எஃகில் கைவைக்காமல் அடைத்திருக்க முடியாது. அலகை நீட்டி லேசாக அசைத்தால் பல் ஆடுவதுபோல் ஆடியது. குறைந்த விலையில் நிறையக் கருவிகள் என்பது, குறைந்த நேரத்தில் நிறைய மேற்கோள்கள் காட்டும் பேச்சைப் போன்றது. ஒன்றும் வெட்டாது.

அடுத்தது கறுப்பாக, பல்பல்லாக, பிடியில் மண்டையோடு பொறித்தது.

"இத எடுத்துட்டுப் போங்க, சிறுத்தையே வழி விடுமுங்க."

"சிறுத்தை வர்ற எடத்துக்கு எங்கப்பா விடமாட்டாருங்க. வேற காட்டுங்க."

மூன்றாவது கத்தி அலங்காரம் எதுவும் இல்லாதது. மரப்பிடி, ஒற்றை அலகு, அலகின் நீளம் கயலின் நான்கு விரல்களைச் சேர்த்துவைத்த அகலத்தைத் தாண்டவில்லை. பிடி அவள் உள்ளங்கையில் மிச்சமில்லாமல் அடங்கியது. அலகில் நகம் பதியும் கீறல் இருந்தது. யார் உதவியும் இல்லாமல் அவளால் திறக்க முடிந்தது. தானே திறந்து தானே மூட முடியாத கத்தியைப் பிள்ளைக்கு வாங்கக் கூடாது. பாதியில் உதவிக்கு நீளும் இரண்டாவது கைதான் அங்கே முதலில் வெட்டுப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பூட்டு இருந்தது. அலகின் அடியில் ஒரு சிறு பள்ளம். பிடியின் முதுகில் ஓர் எஃகு நாக்கு. அலகை முழுதும் திறந்தால் நாக்கு பள்ளத்தில் விழுந்து 'டக்' என்று ஓசை எழும். அதன்பின் நாக்கை அழுத்தி விடுவித்தாலன்றி அலகு மடங்காது. ஓசை எழாவிட்டால் பூட்டு விழவில்லை என்று பொருள். பூட்டு விழாத மடக்குக் கத்தி, வெட்டுபவரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விலை எட்டு வீடுகளும் முகம் சுளிக்காமல் கொடுக்கக் கூடியதாக இருந்தது. தொலைந்தால் அழுகை ஒரு மாலையோடு தீரும். முதல் கத்தி எப்படியும் தொலையும். அதற்கும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கயல் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, திறந்து, 'டக்' கேட்டு, மூடினாள். மறுபடி எடுத்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனம்மணி, அத உள்ள வெய்யி சாமி. எனக்கு நெஞ்சடிச்சுக்குது."

மீன் வடிவ பிளேடு

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர்கள் இசைவு தர வேண்டும். என் முதல் கத்தி எது என்று யோசித்தால், பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் வாங்கிய பென்சில் சீவும் பிளேடுதான் நினைவுக்கு வருகிறது. மீன் வடிவப் பிளாஸ்டிக் உறைக்குள் மடங்கி ஒளியும் குட்டி பிளேடு. என்னுடையது பச்சை. வகுப்பில் ஆளுக்கொன்று வைத்திருந்தோம். அதற்குப் பூட்டும் கிடையாது, பெற்றோர் கூட்டமும் கிடையாது.

மேடையில் நின்று கத்திக்காக வாதாடிய என்னை, பிறகு பல நாள் அந்தப் பச்சை மீன் தொந்தரவு செய்தது. நாங்கள் வைத்திருந்த ஆபத்துகளை எவரும் ஆபத்து என்று பெயரிட்டு அழைக்கவில்லை. அதனால் வெட்டுப்பட்டால் அழுதோம்; அழுதால் டீச்சர் பஞ்சு வைத்தார்; அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் விரல், இரண்டு பெரியவர்களின் வழக்காக மாறியதில்லை.

சரி, தோப்புக்குத் திரும்புவோம்.

"கேட்டதுங்க!"

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்த பிறகே கருவிகளைத் தொடலாம். சித்தப்பா ஒவ்வொரு கத்தியையும் துணியால் வெளிப்புறம் துடைத்து, மடக்கி, பையில் போட்டுத் தாமே வேனை ஓட்டிவந்தார். வேறு சில பெற்றோரும் கூட வந்தார்கள். மாலையில் அவர்கள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

நண்பகல் சாப்பாட்டுக்குப் பின் தென்னை நிழலில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். கை நீட்டினால் அடுத்தவரைத் தொடாத இடைவெளி. ஆளுக்கொரு வேப்பங்கொம்பு, அதைச் சீவிக் கூடாரத்துக்கு முளை செய்ய வேண்டும். வட்டத்துக்கு வெளியே பெற்றோர் நின்றார்கள். சித்தப்பா கைகட்டி நின்றார்.

கத்திகளை வழங்கிவிட்டு நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். கருவிக்கும் ஆயுதத்துக்கும் உள்ள வேறுபாடு, பிடிப்பவரின் பொறுமை என்றேன். பின் எல்லோரையும் அலகைத் திறக்கச் சொன்னேன்.

"டக்குன்னு சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டதுங்க!" என்று எட்டுக் குரல்கள் ஒன்றாக எழுந்தன.

கூட்டத்தின் குரலை எடைபோடப் பழகியவள் நான். அந்தக் குரலில் எனக்கு ஐயம் எழவில்லை. சித்தப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "தொடங்கலாம்" என்றேன்.

மரப்பட்டை உரிந்து பச்சை வாசம் பரவியது. வேப்பங்கொம்பின் கசப்பு காற்றிலேயே தெரிந்தது. முளையின் நுனியைச் சீவி முடித்தவர்கள், கயிறு நழுவாமலிருக்கத் தலைப்பக்கம் ஒரு பள்ளம் போடத் தொடங்கினார்கள். நான் வட்டத்தைச் சுற்றி வந்தேன். கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதாக இல்லை. புகைப்படத்துக்குச் சிரிப்பதுபோல் இருந்தது. வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் மடியிலிருந்த முளையைப் பார்த்தேன். வெள்ளை மரத்தில் சிவப்பாக ஒரு கோடு.

குனிந்தேன். "கையக் காட்டு."

"ஒண்ணுமில்லீங்க்கா."

"கயலு, கையக் காட்டு."

"அப்பா பாக்கறாங்க்கா. மெதுவாப் பேசுங்க்கா. நா முடிச்சுட்டு வாரேன்."

கையை இழுத்தேன். கழுத்துத் துண்டைச் சுட்டுவிரலில் சுற்றியிருந்தாள். துண்டின் நீலம் கறுத்திருந்தது. கத்தி முனையை மரத்தில் ஊன்றித் திருகியிருக்கிறாள். அலகு அப்படியே மடங்கி விரலின்மேல் விழுந்திருக்கிறது. துண்டின் மேலேயே அழுத்திப் பிடித்து, கையைத் தூக்கி நிறுத்தினேன். மறு கையால் அவள் கத்தியை எடுத்து, அலகை மரத்தில் ஊன்றித் திறந்து பார்த்தேன்.

'டக்' இல்லை. மெத்தையில் கல் விழுந்தாற்போல் மொத்தென்று ஓர் ஓசை. நாக்கு பள்ளத்தில் விழவில்லை. எதன்மேலோ ஏறி நின்றது. பள்ளத்தை நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக, கெட்டியாக, சிமென்ட்டைப் போல ஒன்று உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

கூடாரம் கூடாரமாகப் பாதி திறந்து நின்ற கத்திகள். திறந்து கிடந்த பள்ளங்கள். அவற்றின்மேல் கட்டைவிரலால் வழித்து அப்பிய பக்தி. இரவெல்லாம் காய்ந்து இறுகியிருக்கிறது. ஒரு கத்தியில் மட்டுமன்று. எட்டிலும்.

"கத்தியக் கீழ வைங்க! எல்லாரும்! இப்பவே!"

அப்படியொரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத வெறும் கத்தல். மற்ற ஏழு இடங்களிலும் கைகள் விலகின.

சித்தப்பாவின் கட்டைவிரல்

அவர் வட்டத்தைத் தாண்டி ஓடிவந்தார். துண்டைப் பார்த்தார்.

"தண்ணி கொண்டாங்க! ஆராச்சும் தண்ணி கொண்டாங்க!"

கழுவி, மருந்திட்டு, கட்டுப் போட்டோம். அழுத்தியதில் இரத்தம் நின்றிருந்தது. விரல் மடங்கியது, நீண்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அன்னிக்கு எல்லார்த்து முன்னாலயும் கையத் தூக்கிச் சம்மதம்ன்னயே? இப்பச் சொல்லு பாக்கலாம். கயலு, பையை எடு. ஏறு வண்டியில."

"அப்பா, வேண்டாங்கப்பா..."

"ஏறுன்னா ஏறு!"

என்னிடம் அசைக்க முடியாத ஒரு சான்று இருந்தது. மேடையில் அப்படி ஒன்று கிடைத்தால் நான் அதைக் கடைசிவரை காத்துவைத்து வீசுவேன். அங்கே வீசத் தோன்றவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. தரையில் இன்னும் ஏழு கத்திகள் கிடந்தன.

"சித்தப்பா, பூட்டு விழலீங்க. பள்ளத்துக்குள்ள சந்தனம் காஞ்சு கெடக்குதுங்க. எல்லாத்துலயும் இருக்குமுங்க."

கத்தியை நீட்டினேன். அவர் வாங்கினார். நாக்கை அழுத்தினார், திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரும்போடு வாழ்கிற மனிதர். இரண்டாவது முறைக்குமேல் தேவைப்படவில்லை. தம் வலக்கைக் கட்டைவிரலைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"நானுங்களா?" என்றார். என்னை அவர் ஒருநாளும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. அந்தச் சொல் என்னிடம் கேட்கப்பட்டதாகவும் எனக்குப் படவில்லை. "புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு, ஒரு சந்து விடாம நானே அப்பினேன்..."

கயல்தான் பேசினாள்.

"அப்பா, நீங்க அழுகாதீங்கப்பா. சத்தம் வரலைன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்கப்பா."

அவர் நிமிர்ந்தார். நானும்.

"தெரிஞ்சுமா வெட்டுன?"

"சொன்னா கத்தி ஆகாதுன்னு நீங்க மூட்டை கட்டச் சொல்லிருவீங்க. அக்கா தோத்துரும். என்னால எல்லார்த்துக்கும் முகாமு போயிரும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதான் கேட்டுச்சுன்னு சொல்லிப்போட்டேன்."

விரலில் வெட்டியது கத்தி. அந்த விரலைக் கத்திக்கு அடியில் பேசாமல் கொண்டுபோய் வைத்தது எது என்று அப்போது விளங்கியது. நிபந்தனை விதித்தவரும் அங்கே நின்றார். உயர்த்திய கையோடு அதை ஏற்றவளும் நின்றாள்.

சித்தப்பா மெல்ல வட்டத்தின் நடுவே போய் மண்ணில் குந்தினார். பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு வந்தார்.

"சாமிகளா, இங்க பாருங்க. அந்தக் கண்டிசனு கிண்டிசனு எல்லாம் இல்ல. நா வாபஸ் வாங்கிட்டேன். ஆரையும் ஊட்டுக்கு அனுப்பமாட்டேன். கத்தியையும் புடுங்கமாட்டேன். திட்டவும் மாட்டேன்." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வேற ஆருக்காச்சும் சத்தம் வரலையா? கையத் தூக்குங்க சாமி."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின் என்னைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுப் பிரணவின் கை முழங்கை உயரத்துக்கு எழுந்து நின்றது.

"மாமா... என்னுதுலயும் வரலீங்க."

"அப்பவே தெரியுமா சாமி?"

"தெரியுமுங்க."

அவனுக்கு அடுத்து ஒரு கை. அதற்கு எதிரே இரண்டு. யாரும் யாரையும் முந்தவில்லை. மழைக்கு முன் குடைகள் விரிவதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக வட்டம் முழுதும் கைகள் உயர்ந்தன. ஒரு கை பாக்கியில்லை. சற்று முன் "கேட்டதுங்க!" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன எட்டுப் பேரும் அவர்கள்தாம்.

சித்தப்பா வேன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கயல் அதைப் பார்த்ததும் தன் பையை இறுக அணைத்துக்கொண்டாள். அவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"வண்டிக்குப் பின்னால பழைய பல்லு விளக்கற பிரஷும் எண்ணெ டப்பாவும் கெடக்கும் கண்ணு. எடுத்துட்டு வா. அடுப்புல வெந்தண்ணி வெக்கச் சொல்லு. நா வெச்சத நானே எடுத்துப்போடறேன்."